பிள்ளை அமெரிக்காவில், குடும்பம் பினாங்கில்: பாதுகாப்பு அனுமதிக்கு இது தடையா?

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலையைத் தொடங்கி, அமெரிக்கா போய், அங்கேயே குடியுரிமையும் வாங்கிக்கொண்ட பிள்ளைகள் பினாங்கில் நிறைய வீடுகளில் உண்டு. அவர்களில் ஒருவருக்கு அங்கே ராணுவத் தளவாட கம்பெனியில் வேலை கிடைத்தால், செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது அரசாங்கத்தின் பாதுகாப்பு அனுமதி, தேவைப்படும். உடனே "நாம மலேசியாவில இருக்கிறதால பிள்ளைக்கு வேலை போயிடுமோ" என்று இங்கே பயம் கிளம்பிவிடுகிறது. சொந்தபந்தம் வெளிநாட்டில் இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரையும் ஒதுக்குவதில்லை.

இந்த அனுமதிக்கு 2017 ஜூனிலிருந்து நடப்பில் இருக்கும் அமெரிக்க விதிமுறையில் 13 தலைப்புகள். நமக்குச் சம்பந்தப்பட்டது 'பி', வெளிநாட்டுச் செல்வாக்கு. இந்த உறவை வைத்து இன்னொரு அரசாங்கம் இவரை மிரட்டவோ ஆசைகாட்டி வளைக்கவோ முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். அது எந்த நாடு, உறவினர் என்ன வேலை செய்கிறார், எவ்வளவு நெருக்கம், சொத்து எங்கே இருக்கிறது, எல்லாம் கணக்கில் வரும். இன்ன நாட்டுச் சொந்தம் இருந்தால் கிடையாது என்று பட்டியல் எதுவும் இல்லை. அமெரிக்காவிலேயே வீடு, மனைவி மக்கள், பல வருட உழைப்பு என்று வேரூன்றியிருந்தால் அது அவருக்குச் சாதகம். ஆனால் சந்தேகம் மிஞ்சினால் முடிவு நாட்டின் பக்கம்தான் சாயும், இந்த அனுமதி யாருக்கும் உரிமையல்ல என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றமே 1988-இல் சொல்லிவிட்டது.

அனுமதிக்காக நிரப்பும் படிவத்தின் பெயர் எஸ்எஃப்-86. 18-ஆம் பகுதியில் பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள், மாமனார் மாமியார் எல்லோரையும், இறந்துபோனவர்களையும் சேர்த்து, எழுத வேண்டும். சித்தி, தாய்மாமன், பள்ளித் தோழன் எல்லாம் 19-ஆம் பகுதி: கடந்த 7 வருடத்தில் நெருங்கிய, விடாத தொடர்பு இருந்தால் சொல்ல வேண்டும். அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியையா? சம்பளம் கல்வி அமைச்சிலிருந்து வருகிறது, அதனால் வெளிநாட்டு அரசாங்கத் தொடர்பு உண்டா என்று கேட்கிற இடத்தில் அதை எழுதிவிட வேண்டும். டீச்சர் வேலைக்கும் உளவு வேலைக்கும் உள்ள வித்தியாசம் விசாரிக்கிறவருக்குத் தெரியும். மாதாமாதம் அம்மாவுக்கு அனுப்பும் பணத்துக்கும், இங்கே பிள்ளையின் பெயரில் இருக்கும் வீட்டுக்கும் தனிக் கேள்விகள் உண்டு.

அதனால் பிள்ளை போன் போட்டு "அத்தை, உங்க பிறந்த தேதி, வீட்டு அட்ரஸ், எங்க வேலை செய்றீங்க எல்லாம் வேணும்" என்று கேட்டால் சலித்துக்கொள்ளாமல் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, பார்த்தே சொல்லுங்கள். "என் பேரை ஏன் போடுற, விட்டுடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொல்லியிருந்தால் சாதாரணமாகத் தாண்டிப் போயிருக்கும் உறவு, மறைத்தால் நேர்மைப் பிரச்சினையாகிவிடும். தெரிந்தே பொய் எழுதினால் 5 வருடம் வரை சிறை.

இப்படிப்பட்ட கம்பெனி ஊழியர்களுக்கு அனுமதி தருவதில் ஆட்சேபம் வந்தால் காரணத்தை எழுத்தில் கொடுப்பார்கள். 20 நாளுக்குள் பதில் எழுதி, நீதிபதி முன் விசாரணையும் கேட்கலாம்.

அனுமதி கிடைத்த பிறகும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வருவதானால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சாவுக்கு அவசரமாகக் கிளம்பினாலும் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும், முழு விவரத்தைத் திரும்பிப் போனதும் கொடுக்கலாம்.