மரத்து இடுக்கில் வழி தேடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என்னிடம் கோல்ஃப் கற்கும் ஒருவர் அடித்த பந்து யூகலிப்டஸ் மரத்தில் பட்டுத் திரும்பி, பக்கத்தில் மட்டைப் பையைச் சுமந்து நின்ற கேடியின் தோளில் விழுந்தது. எலும்பு முறியவில்லை. நான்கு அங்குலம் மேலே போயிருந்தால் காதில் பட்டிருக்கும். அந்தப் பையனுக்கு 22 வயது. பெங்களூரு அல்சூரிலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவன். எக்ஸ்ரே எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் மாணவர் என்னிடம் கேட்டார்: "சார், மரங்களுக்கு நடுவே இடைவெளி நன்றாகத் தெரிந்ததே, அடிக்கும்போது நான் தலையைத் தூக்கிவிட்டேனா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். தலையைத் தூக்கியது சிறிய பிழை. அந்த இடத்தில் அந்த அடியை அடிக்க நினைத்ததுதான் பெரிய பிழை. மரத்தில் பட்டுத் திரும்பிய பந்து ஆளைத் தாக்குவதை இந்த ஆண்டில் நான் மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன். மூன்று முறையும் ஒரே நினைப்புதான் காரணம்: "இது பார் நான்கு, இரண்டாவது அடியில் கிரீனுக்குப் (கொடியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு) போயாக வேண்டும்."

போயாக வேண்டும் என்று யார் சொன்னார்கள்? பார் என்பது மிகத் தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை (தொடங்கும் இடத்திலிருந்து கொடி வரையுள்ள முழுப் பாதையையும் அப்படித்தான் சொல்வோம்) எத்தனை அடியில் முடிப்பார் என்ற கணக்கு. கிரீனை எட்ட ஆகும் அடிகளோடு, கிரீனில் உருட்டுவதற்கு இரண்டைச் சேர்த்தால் வருவது அது. ஆண்களுக்கு 240 முதல் 490 கெஜம் வரை இருக்கும் குழி பார் நான்காக இருக்கலாம். 300 கெஜத்துக்கும் 450 கெஜத்துக்கும் மதிப்பெண் அட்டையில் அதே எண் 4தான். ஹேண்டிகேப் 20 உள்ளவருக்கு, அதாவது பாரை விடச் சுமார் 20 அடி கூடுதலாக ஆடுகிறவருக்கு, அந்த எண் எழுதப்படவில்லை. இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! தலையாட்டிக் கேட்பார்கள்; முதல் அடி அடிக்கும் இடமான டீயில் போய் நின்றதும் மறந்துவிடுவார்கள்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோரின் ஆசை 90 அடிக்குள் ஆட்டத்தை முடிப்பது. பார் 72 உள்ள மைதானத்தில் பதினெட்டுக் குழிகளிலும் பாரை விட ஓர் அடி கூடுதலாக, அதாவது போகி ஆடினால் வருவது சரியாக 90. அதற்குப் பிறகு எங்காவது ஒரே ஒரு பார் கிடைத்தால் 89. இவ்வளவு காலம் துரத்திய எண்ணை எட்ட ஒரு குழியில்கூடச் சாகசம் தேவையில்லை.

ஆகவே குழியைக் கொடியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 380 கெஜம் உள்ள பார் நான்கை எடுத்துக்கொள்வோம். உங்கள் கையில் நம்பி அடிக்கக்கூடிய அடிகள் எவை? ஹைபிரிட் மட்டையில் 170 கெஜம், ஏழாம் எண் அயர்ன் மட்டையில் 140, கிட்டத்தில் அடிக்கும் வெட்ஜ் மட்டையில் 70. கூட்டினால் 380. மூன்று சாதாரண அடிகளில் கிரீனில் இருக்கிறீர்கள்; இரண்டு முறை உருட்டினால் போகி. மிகத் தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பார் ஐந்தும் இதே கணக்குதான்: 490 கெஜத்துக்கு 170, 170, 150. இரண்டாவது அடிக்கு மூன்றாம் எண் வுட் மட்டையைப் புல் அடர்ந்த தரையிலிருந்து வீசி, பந்தின் தலையைத் தட்டி முப்பது கெஜம் உருளவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. டிரைவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃபேர்வே (நடுவிலுள்ள வெட்டிய புல் பாதை) அகன்று, இருபுறமும் ஆபத்து இல்லாத குழியில் தாராளமாக அடியுங்கள். மைதான எல்லையைக் காட்டும் வெள்ளைக் கம்பங்கள் ஓரமாக நிற்கும் குழியில் எடுக்காதீர்கள். கம்பத்துக்கு வெளியே போன பந்துக்கு ஓர் அடி தண்டனை, மறுபடி பழைய இடத்திலிருந்தே அடிக்க வேண்டும்.

தூரம் அடிக்காவிட்டால் கோல்ஃபே இல்லை என்பவர்களிடம் நம் ஊர்ப் பெண் அதிதி அசோக்கைச் சொல்வேன். 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் நான்காவது இடம் பிடித்தார்; பதக்கம் ஒரே ஓர் அடியில் தவறியது. அங்கே ஆடியவர்களில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். கிரீனில் உருட்டிய திறமைதான் அவரை அவ்வளவு தூரம் கொண்டுபோனது.

மதிப்பெண் அட்டையில் பார் வரிசைக்குப் பக்கத்தில் 1 முதல் 18 வரை இன்னொரு வரிசை இருக்கும். அதன் பெயர் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ். உங்கள் ஹேண்டிகேப் அடிகளை எந்தக் குழியில் எந்த வரிசையில் உங்களுக்குத் தருகிறார்கள் என்று சொல்வது அது. அன்றைய மைதானத்தில் உங்களுக்கு 20 அடிகள் கிடைத்தால், ஒவ்வொரு குழிக்கும் ஓர் அடி, 1, 2 என்று குறித்த குழிகளுக்கு மட்டும் இரண்டிரண்டு. அந்த இரண்டு குழிகளும் பார் நான்கு என்றால், உங்களுக்கு அவை பார் ஆறு. பேனாவால் அட்டையில் அப்படியே திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய எண்ணைப் பார்த்தால் கை தானாக நிதானப்படும்.

டீயில் எங்கே நிற்பது என்று யோசிக்காமலே அடித்துவிடுகிறார்கள். இரண்டு அடையாளக் கட்டைகளுக்கு இடையே, பின்னால் இரண்டு மட்டை நீளம் வரை எங்கே வேண்டுமானாலும் பந்தை வைக்கலாம். வலப்பக்கம் தண்ணீர் என்றால் வலது ஓரத்தில் வைத்து இடப்பக்கம் நோக்கி அடியுங்கள். ஆபத்துக்கு எதிர்ப்புறமாக மைதானம் அகலமாகத் திறக்கும். காசு செலவில்லாத உதவி இது.

பார் மூன்றில் மக்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: பந்து எட்டாமல் முன்னால் விழும். என்றோ ஒருநாள் காற்று பின்னாலிருந்து வீசியபோது எட்டாம் எண் அயர்னில் 150 கெஜம் போனதை நினைவில் வைத்துக்கொண்டு அதே மட்டையை எடுக்கிறார்கள். எட்டுக்குப் பதில் ஏழாம் எண் மட்டையை எடுத்து, கொடியை மறந்து, கிரீனின் நடுவைப் பாருங்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவதால் இங்கே பந்து மூன்று முதல் நான்கு சதவீதம் கூடுதலாகப் பறக்கும். இங்கே 150 போகிற மட்டை சென்னையில் 145 கெஜத்தில் நின்றுவிடும். பொங்கல் விடுமுறையில் சென்னைக்குப் போய் ஆடிவிட்டு, "அங்கே எல்லாம் குறைந்துவிட்டது, என் வீச்சில் என்ன கோளாறு?" என்று தொலைபேசியில் கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

மணல் பள்ளமான பங்கரில் விழுந்தால் பந்துக்குப் பின்னால் மணலை அடியுங்கள். வெளியே வந்தால் போதும், கொடியருகே போக வேண்டியதில்லை. கிரீனில் முதல் உருட்டலில் குழியைத் தேடாதீர்கள். மூன்றடி வட்டத்துக்குள் நிறுத்துங்கள். பந்து தொலைந்திருக்கலாம் என்று தோன்றினால் தேடப் போவதற்கு முன்பே, தற்காலிகப் பந்து என்று உரக்கச் சொல்லிவிட்டு இன்னொன்றை அடித்துவிடுங்கள். 2019-இல் விதி மாறியதிலிருந்து தேட மூன்று நிமிடம்தான். ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

மறுபடி மரத்துக்கே வருகிறேன். மரங்களுக்குள் பந்து நின்றால் ஃபேர்வேக்கு வெளியேற மிகப் பெரிய வழி எது என்று பாருங்கள். பெரும்பாலும் அது பக்கவாட்டில் இருக்கும், சில நேரம் பின்பக்கம். அந்த வழியாக ஒரு சிறு தட்டுத் தட்டுங்கள். கணக்கில் ஓர் அடி வீணாகும், அவ்வளவுதான். இடுக்கில் அடித்தவர் ஆறு, ஏழு என்று எண்ணி அட்டையில் ஒன்பது எழுதுவதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். வெளியே வர வழியே இல்லையென்றால் ஆட முடியாத பந்து என்று அறிவித்து, ஓர் அடி தண்டனையோடு இரண்டு மட்டை நீளத்துக்குள், கொடிக்கு அருகில் போகாமல், பந்தை விடலாம். விதியே அதற்கு இடம் தருகிறது.

கோல்ஃப் பந்து 45.93 கிராம் வரை எடை உள்ளது. டிரைவரின் முகத்திலிருந்து கிளம்பும்போது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம். பையைச் சுமந்து நிற்கிறவருக்கு ஹெல்மெட் கிடையாது. நானும் முருகேஷ்பாளையத்திலிருந்து வந்து பை சுமந்தவன். கேடியாகத் தொடங்கிய சின்னசாமி முனியப்பா 2009-இல் இந்தியன் ஓபனை வென்ற அன்று எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தோம். அந்தப் பையன்களில் யார் நாளை என்ன ஆவார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தயவுசெய்து, அடிக்கும் முன் கேடி எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. பந்து விலகிப் போனால் வெட்கப்படாமல் "ஃபோர்" என்று கத்துங்கள். அந்தக் குரல் காதில் விழுந்தால் நிமிர்ந்து பார்க்காதீர்கள். குனிந்து, இரு கைகளாலும் தலையை மூடுங்கள்.

வரும் ஞாயிறு ஆறரை மணிக்கு வருகிற என் மாணவர்கள் ஒன்று செய்யுங்கள். பதினெட்டுக் குழிகளுக்கும் உங்கள் பார் என்ன, எந்த மட்டை, எத்தனை கெஜம் என்று சனிக்கிழமை இரவே அட்டையில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதாதவர்கள் முதல் டீயில் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி முடித்த பிறகு ஆடலாம்.