ஹெல்த் கோர்ஸ் எல்லாமே ஒண்ணு இல்லைங்க, லோன்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன வாரம் திரும்பவும் அதே மாதிரி ஒரு போன். டல்லாஸ் பக்கம் இருக்குற நம்ம ஊர்ப் பொண்ணு, கிரீன் கார்டு வந்ததும் ஹெல்த் லைன்ல ஏதாவது படிக்கலாம்னு ஒரு பிரைவேட் கேரியர் ஸ்கூல்ல (வேலைக்கான கோர்ஸ் நடத்துற தனியார் ஸ்கூல்) மெடிக்கல் அசிஸ்டன்ட், அதாவது கிளினிக்ல டாக்டருக்கு உதவியாளர் கோர்ஸ் சேர்ந்திருக்காங்க. ஃபெடரல் லோன், அதாவது அரசாங்கக் கடன், பத்தாம பிரைவேட் லோனும் சேர்த்து 20,000 டாலருக்கு மேல கடன். படிச்சு முடிச்சிட்டு, "அக்கா, உங்க ஹாஸ்பிட்டல்ல ரெஸ்பிரேட்டரி டிபார்ட்மென்ட்ல எனக்கு வேலை கிடைக்குமா"ன்னு கேக்குறாங்க. அந்த சர்டிபிகேட்டை வச்சு இந்த வேலைக்கு அப்ளை கூட பண்ண முடியாதும்மான்னு நான் சொல்ல வேண்டியதாப் போச்சு. சேர்றதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் அவங்களுக்கு இதைச் சொல்லியிருக்கணும்.

நான் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட், மூச்சுப் பிரச்சனை இருக்குறவங்களுக்கு சிகிச்சை கொடுக்குற வேலை. கம்யூனிட்டி காலேஜ் (குறைஞ்ச ஃபீஸ்ல இரண்டு வருஷ கோர்ஸ் நடத்துற உள்ளூர் அரசு காலேஜ்) பசங்களுக்கு கிளினிக்கல்ல, அதாவது ஹாஸ்பிட்டல் பயிற்சியில, சொல்லியும் கொடுக்குறேன். எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விஷயம் இந்த "மெடிக்கல் லைன்னா எதைப் படிச்சாலும் நல்ல சம்பளம்"ங்கிற பேச்சுதான். எதைப் படிச்சாலும்னு எப்படிங்க சொல்றீங்க? அமெரிக்க லேபர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பீரோவோட 2023 கணக்கைப் பாருங்க, எல்லாமே மீடியன், அதாவது பாதிப் பேர் இதுக்கு மேல வாங்குறாங்க, பாதிப் பேர் கீழ. மெடிக்கல் அசிஸ்டன்ட்டுக்கு வருஷத்துக்கு 42,000 டாலர். ரத்தம் எடுக்குற ஃபிளபாட்டமிஸ்ட்டுக்கு 41,810. ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்டுக்கு 77,960. ஆர்என், அதாவது ரிஜிஸ்டர்ட் நர்ஸுக்கு 86,070. பல் கிளீன் பண்ற டென்டல் ஹைஜீனிஸ்ட்டுக்கு 87,530. எல்லாரும் ஸ்க்ரப்ஸ்தான் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க, வெளில இருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது, ஆனா சம்பளம் ஏறக்குறைய டபுள். இன்னொண்ணு, மெடிக்கல் அசிஸ்டன்ட் வேலைக்கு பெரும்பாலான மாநிலங்கள்ல லைசென்ஸே கிடையாது, கிளினிக்ல சேர்த்துக்கிட்டு அவங்களே கத்துக்கொடுக்குற இடங்களும் இருக்கு. அந்த வேலையை நான் குறைவா சொல்லல, அவங்க இல்லாம ஒரு கிளினிக்கும் ஓடாது. அதுக்கு 20,000, 30,000 கடன் வாங்காதீங்கன்னுதான் சொல்றேன்.

கணக்கு போட்டுப் பாருங்களேன். 30,000 டாலர் கடன், 6.5 சதவீத வட்டி, பத்து வருஷம்னா மாசம் சுமார் 340 டாலர், வருஷத்துக்கு 4,000 டாலருக்கு மேல. வருஷத் தவணை சம்பளத்துல 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுங்கிறது, இந்த மாதிரி கேரியர் கோர்ஸ்களை எடைபோட அரசாங்கமே வச்ச அளவுகோல்ல ஒண்ணு. 42,000 சம்பளத்துல இது 10 சதவீதம் கிட்ட வந்துடுது, 78,000 சம்பளத்துல 5 சதவீதம்தான். ஆக கடன் எவ்வளவுங்கிறதை மட்டும் தனியா பார்த்து பிரயோஜனம் இல்ல, எந்த வேலைக்கு அந்தக் கடன்னு சேர்த்துப் பார்க்கணும். இத்தனைக்கும் கம்யூனிட்டி காலேஜ்ல சொந்த டிஸ்ட்ரிக்ட் ஆளுங்களுக்கு டியூஷன் நாடு முழுக்க சராசரியா வருஷம் 4,000 டாலர் பக்கம்தான். பக்கத்துலயே அது இருக்கும்போது ஏன் கேரியர் ஸ்கூல்ல போய் சேர்றாங்கன்னா, அங்க அடுத்த வாரமே கிளாஸ், கம்யூனிட்டி காலேஜ்ல வெயிட்டிங்.

அந்த வெயிட்டிங்கையும் கணக்குல சேர்க்கணும், அதை மறைக்க மாட்டேன். நர்சிங்கோ டென்டல் ஹைஜீனோ நேரா சேர முடியாது, அனாட்டமி, மைக்ரோபயாலஜி எல்லாம் முதல்ல முடிச்சு நல்ல கிரேடு வாங்கி போட்டி போட்டுதான் சீட். இரண்டு வருஷ கோர்ஸ்னு சொல்றது நிஜத்துல மூணு, மூணரை வருஷம் ஆகும், கிளினிக்கல் ஆரம்பிச்சா ஃபுல் டைம் வேலைக்கும் போக முடியாது. யூனிஃபார்ம், தடுப்பூசி, பேக்கிரவுண்ட் செக், ஹைஜீனுக்கு இன்ஸ்ட்ருமென்ட் கிட், பெட்ரோல், இதெல்லாம் டியூஷன்ல வராது. அட்மிஷன் ஆபீஸ்ல சொல்லவும் மாட்டாங்க, நீங்கதான் கேக்கணும்.

காலேஜ் ஸ்கோர்கார்டுன்னு அமெரிக்க கல்வித் துறையோட சைட் இருக்கு, காலேஜ் பேர் போட்டு அந்த கோர்ஸுக்குள்ள போனா படிச்சவங்களோட மீடியன் சம்பளமும் மீடியன் கடனும் வரும். தயவுசெஞ்சு பாருங்க, ஆனா கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க. ஃபெடரல் உதவி வாங்கினவங்க கணக்கு மட்டும்தான் அதுல இருக்கு. கடன் நம்பர் முடிச்சவங்களோடது, பாதியில விட்டுட்டு கடனோட மட்டும் வெளிய வந்தவங்க அதுல இல்ல. சின்ன கோர்ஸா இருந்தா நம்பரே வராது. சர்டிபிகேட்டா அசோசியேட் டிகிரியா (இரண்டு வருஷ டிகிரி)ங்கிறதையும் பார்த்து கிளிக் பண்ணுங்க, பேர் ஒண்ணா இருக்கும், சம்பளம் வேற.

அதோட நிறுத்தாம அக்ரெடிடேஷனும், அதாவது தர அங்கீகாரமும் பாருங்க. ஸ்கூலுக்கு இருந்தா போதாது, அந்த கோர்ஸுக்கே இருக்கணும். அதைக் கொடுக்குற அமைப்புகள், ரெஸ்பிரேட்டரிக்கு கோஆர்க், எக்ஸ்ரே டெக்குக்கு ஜேஆர்சிஇஆர்டி, டென்டல் ஹைஜீனுக்கு கோடா. கோஆர்க் இல்லாத கோர்ஸ்ல படிச்சா எங்க போர்டு எக்ஸாமே எழுத முடியாது, அவ்வளவுதான். ஜேஆர்சிஇஆர்டி கோர்ஸ்கள் எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேர் பாஸ், எத்தனை பேருக்கு வேலைன்னு வெளியிட்டே ஆகணும். கேட்டு தர மறுத்தா எழுந்து வந்துடுங்க. கேரியர் ஸ்கூல் கிரெடிட்டை அப்புறம் கம்யூனிட்டி காலேஜுக்கு மாத்திக்கலாம்னு சொன்னா, அந்தக் கம்யூனிட்டி காலேஜுக்கே போன் பண்ணிக் கேளுங்க, பெரும்பாலும் எடுத்துக்க மாட்டாங்க. 2015ல கொரிந்தியன் காலேஜஸ்ங்கிற பெரிய கேரியர் ஸ்கூல் கம்பெனி மூடினப்போ எத்தனை பேர் நடுத்தெருவுல நின்னாங்க தெரியுமா, 2022ல கல்வித் துறை 5,60,000 பேரோட 5.8 பில்லியன் டாலர் கடனை ரத்து பண்ண வேண்டியதாச்சு.

எச்-4ல (எச்-1பி வேலை விசாக்காரங்களோட குடும்பத்துக்கான விசா) இருக்குறவங்களுக்கு ஃபாஃப்சாங்கிற அரசாங்க உதவி விண்ணப்பம் மூலமா ஃபெடரல் லோனோ, திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட்டோ கிடையாது. அதனாலதான் அவங்களை பிரைவேட் லோன் பக்கம் சுலபமா தள்ளிடுறாங்க, அதுக்கு பெரும்பாலும் கோ-சைனரா, அதாவது கடனுக்குச் சேர்ந்து கையெழுத்து போடுறவரா, வீட்டுக்காரரும் மாட்டிக்கிறாரு. முடிஞ்சா ஒரு ஒரு சப்ஜெக்ட்டா கைக்காசுல கம்யூனிட்டி காலேஜ்ல எடுங்கம்மா, கிரீன் கார்டு வர்ற வரைக்கும் முன்பாடங்களை முடிச்சுடலாம். ஆனா சில காலேஜ்ல அஞ்சு, ஏழு வருஷத்துக்கு முந்தின சயின்ஸ் கிரெடிட்டை ஏத்துக்க மாட்டாங்க, அதை முதல்லயே கேட்டுக்கோங்க.

ஏற்கனவே கடன் வாங்கினவங்க, உங்க லோன் ஃபெடரலா பிரைவேட்டான்னு இன்னைக்கே பாருங்க. ஃபெடரல் டைரக்ட் லோனா இருந்து, லாப நோக்கமில்லாத ஹாஸ்பிட்டல்ல ஃபுல் டைமா வேலை பார்த்தா, தகுதியான பிளான்ல 120 தவணை கட்டினதும் மிச்சத்தைத் தள்ளுபடி பண்ற பிஎஸ்எல்எஃப் திட்டம் இருக்கு. பிரைவேட் லோனுக்கு அந்த வழி கிடையாது, ரெண்டும் இருந்தா கையில மிச்சப்படுற காசை முதல்ல பிரைவேட் லோன் மேல போடுங்க.