ஆட்டுக்கு நெருங்கிய உறவு குதிரையா, திமிங்கிலமா?

சிங்கப்பூரின் விண்ட்சர் இயற்கைப் பூங்காவில் சருகுமானைப் பார்த்துவிட்டு வந்த வாசகி ஒருவர், "முயல் அளவுதான் இருக்கிறது, கொம்பும் இல்லை. இதை மானோடு சேர்ப்பதா, ஆட்டோடு சேர்ப்பதா?" என்று கேட்டிருந்தார். இரண்டோடும் சேராது.

இரட்டைக் குளம்பு, அசைபோடும் வயிறு எல்லாம் பள்ளியில் படித்ததுதான். அசைபோடும் கூட்டத்தில் இன்று எஞ்சியிருப்பவற்றில் முதலில் பிரிந்த கிளை சருகுமான். வயிற்றில் நான்கு அறைக்கு மூன்றுதான் உருப்படியாக இருக்கும். ஆணுக்குக் கொம்புக்குப் பதில் நீண்ட கோரைப்பல். ஆடும் மானும் பிரிந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. மண்டாய்ப் பக்கம் தென்படும் கடமான் கொம்பை உதிர்த்துப் புதிதாக வளர்க்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் எலும்பின்மேல் உறை போட்ட கொம்பு, உதிராது.

எனக்குப் பிடித்த சாட்சி கொம்பில் இல்லை, காலில் இருக்கிறது. தேக்கா சந்தையில் ஆட்டின் பின்னங்காலைக் கணுக்கால் மூட்டோடு கேட்டு வாங்கி, சூப்பு வைத்த பிறகு எலும்பை எறியாமல் பாருங்கள். ஆடு விரல் நுனியில் நடக்கும் பிராணி. பின்பக்கம் துருத்தும் 'முழங்கால்' உண்மையில் குதிகால். அந்த மூட்டுக்குள் விரலிடுக்கில் அடங்கும் எலும்பு ஒன்று, கிணற்றுக் கப்பி மாதிரி நடுவில் பள்ளம் ஓடிக் கிடக்கும். மேல்முனையில் ஒரு கப்பி, கீழ்முனையில் இன்னொன்று. நமக்கும் இதே எலும்பு உண்டு, ஆனால் கீழ்முனை உருண்டை. குதிரைக்கு அது ஏறக்குறைய தட்டை. இருமுனையும் கப்பியாக இருப்பது ஆடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை வகையறாவுக்குத்தான்.

இதனால் ஒரே கணுக்காலில் இரண்டு கீல்கள். இரண்டும் முன்னும் பின்னுமாக மட்டுமே மடங்கும், பக்கவாட்டில் பிசகாது. மடங்கிய கால் ஒரே வீச்சில் விரியும். சருகுமான் நின்ற இடத்திலிருந்தே புதருக்குள் பாய்வதும், நாம் கைப்பேசியை எடுப்பதற்குள் காணாமல் போவதும் இந்த எலும்பின் உபயம்.

திமிங்கிலமும் இந்தக் குடும்பம்தான், நீர்யானைக்கு நெருங்கிய சொந்தம் என்று மரபணு ஆய்வாளர்கள் சொன்னபோது புதைபடிவக்காரர்கள் பலர் ஏற்கவில்லை. 2001இல் பாகிஸ்தானில் கிடைத்த, கால் இருந்த பழந்திமிங்கிலங்களின் எலும்புகள் வெளியாயின. கணுக்காலில் இரட்டைக் கப்பி! 2023இல் பொங்கோலில் தென்பட்ட, பன்றி போன்ற உருவமும் குட்டைத் துதிக்கையும் கொண்ட தபீர் குதிரையின் பக்கம். ஆக, லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் எலும்புக்கூடாகத் தொங்கும் திமிங்கிலம்தான் ஆட்டுக்கு நெருங்கிய உறவு. குதிரையும் தபீரும் தூரத்துச் சொந்தம்.

இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ் காஷ்மீரில் சேகரித்த பாறைகள் பல்லாண்டுகள் உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் மறைந்த பின் அவருடைய மனைவி அவற்றை ஆய்வாளர் தெவிசனிடம் கொடுத்தார். உள்ளே இருந்த இந்தோஹையஸ், சருகுமான் சாயலில் ஒரு பழங்காலச் சிறு விலங்கு; காதெலும்போ திமிங்கிலத்துடையதைப் போல. இந்த உறவு 2007இல்தான் உலகுக்குத் தெரிந்தது. ஆய்வுக்குப் பணம் கேட்டால் உடனடிப் பயன் என்ன என்று கேட்கும் படிவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அந்தப் பாறைகளுக்கு என்ன பயன் என்று ராவ் எழுதியிருக்க முடியும்?