பில்லில் ஒட்டியிருக்கும் பச்சை இலை

லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு வீடு. சமையலறை மேசையில் கரண்ட், காஸ் இரண்டுக்கும் வரும் பில்லைப் பிரித்து வைத்திருந்தோம். மேல் மூலையில் பச்சை இலை, பக்கத்திலேயே '100% புதுப்பிக்கத்தக்க மின்சாரம்'.

"தம்பி, நாங்கள் பச்சைக்கு மாறிட்டம். காஸும் அப்பிடித்தானே?" என்றார் அக்கா.

பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். காஸ் கணக்கில் இலை இல்லை.

பிரிட்டன் வீடுகளுக்கு எரிசக்தி ஆலோசனை சொல்லும் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2023இல் வைத்த கணக்குப்படி, ஒரு சாதாரண வீட்டுக்கு ஆண்டுக்கு 2,700 யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரம், 11,500 யூனிட் காஸ். நான்கு மடங்குக்கும் மேல்! காஸில் வீட்டைச் சூடாக்கும் பாய்லரை விட்டுவிட்டுப் பல்புக்கு மட்டும் பச்சை பூசினால் எப்படி?

மின்சாரத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. எந்தத் திட்டம் எடுத்தாலும் சுவர் பிளக்குக்கு வருவது ஊருக்கெல்லாம் பொதுவான அதே கரண்ட்தான். பச்சை என்பது கணக்குப் புத்தகத்தில். காற்றாலையோ சோலாரோ 1,000 யூனிட் தயாரித்தால் ஆஃப்ஜெம் 'ரீகோ' என்ற சான்றிதழ் ஒன்று தரும். அதை மின்சாரத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாம். எங்கிருந்தோ கரண்ட் வாங்கி, சான்றிதழை மட்டும் சேர்த்து வாங்கினாலும் பில்லில் இலை வந்துவிடும். சட்டப்படி சரிதான். ஆனால் புதுக் காற்றாலை எழும்ப அது பெரிதாக உதவாது என்பது என் கருத்து.

காற்றாலைக்காரரிடமே நேரடி ஒப்பந்தம் போடும் நிறுவனங்களும் உண்டு. 2019இல் விலை உச்சவரம்பு வந்தபோது ஈகோட்ரிசிட்டி, குட் எனர்ஜி, கிரீன் எனர்ஜி யூகே மூன்றின் பச்சைத் திட்டங்களுக்கு ஆஃப்ஜெம் விலக்கு கொடுத்தது. அதாவது, உச்சவரம்பைத் தாண்டியும் அவர்கள் விலை வைக்கலாம். யூனிட் விலையோடு, எவ்வளவு பயன்படுத்தினாலும் அன்றாடம் விழும் ஸ்டாண்டிங் சார்ஜையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறுவதற்கு முன் போன் போட்டுக் கேளுங்கள்: "கரண்டை நேரடியாக வாங்குகிறீர்களா, வெறும் சான்றிதழா? காஸில் பயோமீத்தேன் எத்தனை சதவீதம்?" உணவுக் கழிவிலிருந்தும் பண்ணைக் கழிவிலிருந்தும் எடுக்கும் காஸ்தான் பயோமீத்தேன். "மரம் நட்டு ஈடுகட்டுகிறோம்" என்று மட்டும் பதில் வந்தால், அதற்காக நான் ஒரு பென்னி கூடுதலாகக் கொடுக்க மாட்டேன்.

அக்காவின் ஒப்பந்தம் முடிய இன்னும் மாதக்கணக்கு இருந்தது. இப்போதே விட்டால் வெளியேறும் கட்டணம். கடைசி 49 நாளில் அதைக் கேட்கக்கூடாது என்பது விதி. ஃபிரிட்ஜ் பக்கத்தில் தொங்கிய கோயில் காலண்டரில் அந்தத் தேதியை எண்ணி வட்டம் போட்டோம்.