ரேடியேட்டருக்குள் ஓர் உப்பளம்

கார் ரேடியேட்டரின் அடியில் இருந்த பிளாஸ்டிக் திருகை இரண்டு சுற்று தளர்த்தியும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மேலே மூடியைத் திறந்து காற்று போக வழி விட்டதும் மடமடவென்று தட்டில் கொட்டியது. பச்சையாக இருக்க வேண்டிய கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், செம்மண் குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. எல்லாம் வடிந்த பிறகு தட்டின் ஓரத்தில் அரைக் கரண்டி அளவுக்கு மணல் போல ஏதோ தங்கியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிந்து, சுரண்டினால் செதில் செதிலாகப் பெயருமே, அதேதான். துருவின் நிறம் மட்டும் ஏறியிருந்தது.

பத்து வயதான பிறகு என்னிடம் வந்த கார் அது. ஏற்காட்டு மலையில் ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் வெப்ப முள் மேலே ஏறிவிடும். ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, பாட்டிலில் கொண்டுபோன போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கிளம்புவேன். தண்ணீர்தானே, ஊற்றினால் என்ன என்று இரண்டு வருடம் ஓட்டினேன். அந்தத் தட்டைப் பார்த்த அன்றுதான், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் என்ன வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், அதில் ஏறக்குறைய 25 முதல் 30 ரூபாய்தான் காரை நகர்த்துகிறது. இன்னொரு 30 ரூபாய் அளவு, வெப்பமாகக் கூலன்ட்டில் இறங்குகிறது. மீதியில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். சிலிண்டர்களை மேலிருந்து மூடும் இன்ஜின் ஹெட் அந்த அலுமினியத்தால் ஆனதுதான். அது உருகாமல் இருப்பதற்குக் காரணம், சில மில்லிமீட்டர் தள்ளி ஓடும் நீர் ஒவ்வொரு நொடியும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதுதான்.

அந்த நீரை வாட்டர் பம்ப் சுற்றவிடுகிறது. ஆனால் எந்தப் பாதையில் சுற்றுவது என்று முடிவு செய்வது தெர்மோஸ்டாட். விரலளவுப் பித்தளைக் குப்பி ஒன்றில் மெழுகை அடைத்து வைத்திருப்பார்கள். சுமார் 82 டிகிரியில், சில கார்களில் இன்னும் சற்று மேலே, மெழுகு உருகிப் பருத்து ஒரு கம்பியைத் தள்ளும், வாசல் திறக்கும். அதுவரை நீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். திறந்த பிறகுதான் காற்றில் ஆற ரேடியேட்டருக்குப் போகும். கழற்றிய தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே, பூ விரிவது போல மெதுவாகத் திறக்கும். மின்சாரம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, மெழுகு மட்டும். நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று கழற்றிப் போடச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். இன்ஜின் 90 டிகிரியை ஒட்டி ஓடும்போதுதான் ஆயில் தேவையான அளவு இளகியிருக்கும், பெட்ரோல் சரியாக ஆவியாகும். குளிர்ந்தே ஓடும் இன்ஜின் பெட்ரோலைக் குடிக்கும், சீக்கிரம் தேயும்.

அடுத்தது மூடி. குக்கர் விசிலைப் போலத்தான் இதன் வேலையும். ரேடியேட்டர் மூடியில் பெரும்பாலும் 0.9 என்றோ 1.1 என்றோ போட்டிருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அத்தனை பார் வரை உள்ளே தாங்கும் என்று அர்த்தம் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). 0.9 பார் கூடினால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. அதனால்தான் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்கிறார்கள். கணக்குப் போட்டால் பயம் புரியும். உள்ளே 4 லிட்டர் தண்ணீர் 110 டிகிரியில் இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடுகிறது. 100 டிகிரிக்கு மேல் இருந்த வெப்பம் முழுவதும் தண்ணீரை ஆவியாக்கும் வேலையில் இறங்குகிறது. சுமார் 75 கிராம் தண்ணீர் ஆவியாகும். கேட்கச் சின்ன அளவு. ஆனால் அந்த ஆவிக்கு 100 லிட்டருக்கும் மேல் இடம் வேண்டும். அது கொதிநீரையும் தள்ளிக்கொண்டு நேராக நம் முகத்துக்குத்தான் வரும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு கை வைப்பதுதான் சரி.

சரி, அந்த நறநறப்பு எங்கிருந்து வந்தது? நிலத்தடி நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். சூடானதும் அது உடைந்து, கரியமில வாயு வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட் மிஞ்சும். சுண்ணாம்புக் கல்லும் அதே பொருள்தான். சர்க்கரையும் உப்பும் சுடுநீரில் நன்றாகக் கரையும். இது நேர்மாறு, சூடு ஏற ஏறப் படியும். ஆகவே எந்த இடம் அதிகம் சூடோ, எந்த இடத்திலிருந்து வெப்பத்தை அவசரமாக எடுக்க வேண்டுமோ, சரியாக அங்கேதான் போய் ஒட்டும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் இந்தப் படிவு வெப்பத்தைக் கடத்துவது மிக மிகக் குறைவு. சிலிண்டர் சுவருக்குக் கம்பளி போர்த்தியது போல ஆகிவிடும். ரேடியேட்டரின் தட்டையான குழாய்களுக்குள் இடைவெளி 2 மில்லிமீட்டர் அளவுதான் என்பதால், அங்கே மெல்லிய படிவுகூடப் பாதையை அடைக்கும்.

இந்தியத் தரநிலைப்படி, வேறு நல்ல நீர் கிடைக்காத இடத்தில் குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை போகலாம். பல ஊர்களில் போர் தண்ணீர் அதையும் தாண்டும். 4 லிட்டர் ஊற்றினால் இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவான கல், அவ்வளவுதான். ஆனால் வாரம் அரை லிட்டர் ஆவியாகிப் போய், அதே அளவு மறுபடி ஊற்றினால்? ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தானே. தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பது இதுதான்: நீரை விடு, வெயிலில் போகட்டும், மறுபடி விடு. ஒரு வருடத்தில் 26 லிட்டர், 15 கிராமுக்கு மேல் உப்பு. எல்லாமே படியாது என்றாலும், இரண்டு வருடம் இப்படி ஓட்டியவனுடைய தட்டில் அரைக் கரண்டி வந்தது வியப்பில்லை.

துரு தனிக் கதை. இன்ஜினில் இரும்பு, அலுமினியம், சில ரேடியேட்டர்களில் செம்பு, பித்தளை என்று பல உலோகங்கள் ஒரே நீரில் நனைந்து கிடக்கின்றன. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகங்களைத் தோய்த்து இணைத்தால் பேட்டரி. ஓர் உலோகம் கரைந்துகொண்டே இருக்கும். கூலன்ட் வாங்கும்போது நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் இதைத் தடுக்கத்தான். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால், பாதிக்குப் பாதி நீரோடு கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையவிடாது; சேலத்துக்கும் மதுரைக்கும் அதனால் பயனில்லை. கொதிநிலையை உயர்த்துவது பயன். அதைவிடப் பெரிய பயன், கூடவே கலந்திருக்கும் அரிப்புத் தடுப்புப் பொருள்கள். அவை உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக உட்காரும். வருடங்கள் போகப் போக அவை தீர்ந்துவிடும். கிளைக்காலும் சூட்டில் சிதைந்து அமிலமாகும். ஆகவே பழைய கூலன்ட் வேலை செய்யாமல் சும்மா இருப்பதில்லை, அதுவே அரிக்கத் தொடங்கும். அதனால்தான் நிறம் கெடாவிட்டாலும் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்கிறார்கள்.

இப்போது அலசும் வேலை. திருகைத் திறந்தால் எல்லாம் வடிந்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். என் காரில் மொத்தம் 4 லிட்டர். தட்டில் இறங்கியதை அளந்தால் இரண்டரைதான். மீதி ஒன்றரை லிட்டர், சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கிவிட்டது. துணி அலசுபவர்களுக்கு இந்தக் கணக்கு கைவந்தது: ஒரே வாளி நிறைய நீரில் ஒருமுறை முக்குவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று முறை அலசிப் பிழிந்தால் சோப்பு நன்றாகப் போகும். இரண்டரை லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றினால் பழையது 4-இல் ஒன்றரை, அதாவது 37 சதவீதத்துக்குச் சற்று மேல். வடித்து மறுபடி நிரப்பினால் 14. மூன்றாம் முறை 5. ஆனால் ஊற்றி உடனே வடித்தால் பயனில்லை. ஒவ்வொரு முறையும் இன்ஜினை ஓட்டி, தெர்மோஸ்டாட் திறந்து, எல்லாம் ஒன்றாகக் கலந்த பிறகு நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு வடிக்க வேண்டும். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்தால்தான் பல கார்களில் அந்தக் குழாயிலும் நீர் ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். அவசரப்பட்டுச் சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால், உலோகம் ஒரு பக்கம் சட்டென்று சுருங்கி ஹெட் விரிசல் விடலாம். மலையில் நிறுத்தி ஊற்றுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு அலசலுக்காவது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. அதில் உப்பு கிடையாது, விலையும் அதிகமில்லை. பேட்டரி ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

படிவு கெட்டியாக இருந்தால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஓட்டச் சொல்வார்கள். வேதியியல் சரிதான், பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற அதே வித்தை, அமிலம் சுண்ணாம்பையும் துருவையும் கரைக்கும். ஆனால் அமிலத்துக்குப் படிவு எது, அலுமினியம் எது என்று தெரியாது. அரித்துப்போன பழைய ரேடியேட்டரில் சில ஓட்டைகளை அந்தப் படிவே அடைத்துக்கொண்டிருக்கும். அது கரைந்தால் ஒழுகும். நான் போடவில்லை. வெறும் நீரில் மூன்று முறை அலசியும் முள் ஏறினால், ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்பவரிடம் கொடுப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

புதுக் கூலன்ட் ஊற்றும்போதுதான் பலர் தவறுகிறார்கள். கடையில் இரண்டு வகை: நேராக ஊற்றும் கலவை, நீர் கலக்க வேண்டிய அடர்த்தியான கூலன்ட். உள்ளே ஏற்கெனவே ஒன்றரை லிட்டர் வெறும் நீர் இருக்கிறதே. பாதிக்குப் பாதிக் கலவையை இரண்டரை லிட்டர் ஊற்றினால், கூலன்ட்டின் பங்கு 31 சதவீதம்தான் வரும். அதற்குப் பதில் அடர்த்தியானதை 2 லிட்டர் முதலில் ஊற்றி, மீதி அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் விட்டால் சரியாகப் பாதி. இன்னும் அடர்த்தியாக இருந்தால் இன்னும் நல்லதோ என்று கூடுதலாக ஊற்றவும் கூடாது. ஒரே எடைக்கு, நீர் சுமக்கும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடச் சுத்தக் கிளைக்கால் சுமக்காது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு எல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் சாயம். காரின் கையேட்டில் சொன்ன வகைதான் கணக்கு.

அப்புறம் காற்று. பிளாக்கின் மூலையில் காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டால் அந்த இடத்துக்கு நீர் போகாது. மாருதி 800 போல ரேடியேட்டரின் மேலேயே மூடி இருக்கும் கார் என்றால், முன்பக்கம் சற்று மேடாக நிறுத்தி, ஆறிய இன்ஜினை மூடி திறந்தபடியே ஓட்டத் தொடங்கலாம். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் வெதுவெதுப்புதான். திடீரென்று ஒரு சூடு கைக்கு அடியில் ஓடியது. மெழுகு உருகி வாசல் திறந்துவிட்டது. மூடி வாயில் நீர் மளமளவென்று தாழ்ந்து, குபுக் குபுக்கென்று குமிழ்கள் வந்தன. குறையக் குறைய ஊற்றி, குமிழ் நின்றதும் மூடினேன்.

வடித்த பழைய நீரைத் தெருவில் கொட்டாதீர்கள். இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும். உடலுக்குள் போனதும் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் ஊசி ஊசியான படிகமாகப் படிந்து உயிரையே எடுத்துவிடும். மூடி இறுக்கமான கேனில் ஊற்றி, மேலே விஷம் என்று எழுதி, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுப் பார்த்துக் கொடுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றிவைக்க வேண்டாம்.

மறுநாள் காலை ரிசர்வ் டேங்கைப் பார்த்தேன். இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது. ஒழுகவில்லை. இன்ஜின் ஆறும்போது உள்ளே நீர் சுருங்கி, மூடியிலுள்ள சிறிய வால்வு வழியாகத் தேவையானதை டேங்கிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. அதே கலவையைக் கோடு வரை ஊற்றிவிட்டு, தேதியையும் கூலன்ட்டின் வகையையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி டேங்கின் மேல் ஒட்டினேன்.