சந்தியும் புணர்ச்சியும்

'சந்திப்பிழை' என்று நாம் அன்றாடம் சொல்லும் தொடரில் உள்ள 'சந்தி' வடசொல். சேர்த்து வைத்தல், இணைப்பு என்பன அதன் பொருள். தெருக்கள் கூடும் முச்சந்தியிலும் அதே சொல்தான் நிற்கிறது. 11ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான வீரசோழியம் தன் எழுத்திலக்கணப் பகுதிக்கே 'சந்திப் படலம்' எனப் பெயரிட்டது.

இதற்குரிய தமிழ்ச்சொல் புணர்ச்சி. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஒன்று புணரியல். காதலர் கூடலைக் குறிக்கும் அகப்பொருள் வழக்கு நினைவுக்கு வருவதால் இச்சொல்லை வகுப்பில் சொல்லத் தயங்குவோர் உண்டு. 'புணர்' என்பதற்குச் 'சேர்' என்பதே அடிப்பொருளாதலால் அத்தயக்கம் வேண்டியதில்லை.

புணர்ச்சியை வெறும் ஓசை மாற்றமாகக் கற்பிப்பதுதான் பெரும் குறை. 'பாம்பு கடித்தது' என்னும் எழுவாய்த் தொடரில் வல்லினம் மிகுவதில்லை. 'பாம்புக்கடி' என்னும்போது மிகுகிறது. நிலைமொழியும் (முன் நிற்கும் சொல்) அதன் ஈறும் வருமொழியின் (அடுத்து வரும் சொல்) முதலெழுத்தும் மாறாதிருக்க, இரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொடரிலக்கண உறவு மட்டுமே மாறியிருக்கிறது. இவ்வுறவைக் கொண்டே நம் இலக்கணிகள், 'பாம்புக்கடி' போல வேற்றுமைப் பொருளில் சேர்வதை வேற்றுமைப் புணர்ச்சி என்றும், எழுவாய்த் தொடர், வினைத்தொகை போன்ற பிறவற்றை அல்வழிப் புணர்ச்சி என்றும் பிரித்தனர். வினைத்தொகையான ஊறுகாயை 'ஊறுக்காய்' என்று எவரும் சொல்வதில்லை. நூற்பா அறியாத பாட்டியின் நாவும் அவ்வுறவை அறிந்தே ஒலிக்கிறது.

தொல்காப்பியர் இன்னும் நுட்பமாகச் செல்கிறார். 'எழுத்தோ ரன்ன பொருள்தெரி புணர்ச்சி, இசையின் திரிதல் நிலைஇய பண்பே' என்னும் நூற்பா, எழுத்து ஒன்றாகவே இருப்பினும் ஒலிக்கும் இசையால் பொருள் வேறுபடும் என்கிறது. உரையாசிரியர் காட்டும் 'செம்பொன்பதின்றொடி' என்பதைச் 'செம்பொன்' என நிறுத்தினால் பொன் பத்துத்தொடி (தொடி என்பது ஓர் எடையளவு). 'செம்பு' என நிறுத்தினால் செம்பு ஒன்பதுதொடி. மூச்சு நிற்கும் இடம் மாறினால் உலோகமும் மாறும், எடையும் மாறும்!

சந்தி என்னும் சொல்லை முற்றும் விலக்க வேண்டும் என்பதன்று என் கருத்து. நன்னூல் அதனைப் பகுபத (பிரித்துப் பொருள் காணத்தக்க சொல்) உறுப்புகள் ஆறனுள் ஒன்றாக வைக்கிறது: 'படித்தான்' என்பதைப் படி+த்+த்+ஆன் எனப் பிரித்தால் முதல் தகரம் சந்தி, அடுத்தது காலம் காட்டும் இடைநிலை. சொல்லோடு சொல் சேர்வதை மட்டும் அதே நூல் 'புணர்ப்பு' என்கிறது. உறுப்பைச் சந்தி என்றும், சொற்கள் சேர்வதைப் புணர்ச்சி என்றும் வழங்குவதே தெளிவு. ஒற்று விடுபட்ட இடத்தைச் சுட்டவோ 'ஒற்றுப்பிழை' என்னும் நல்ல சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது.