டைப் 1 பிள்ளைகளின் ரிப்போர்ட்டில் சிஆர்பி: எதைப் பார்க்க வேண்டும், எதை விடலாம்

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கும் ‘ஃபுல் பாடி செக்கப்’ எடுப்பது சென்னையில் வழக்கமாகிவிட்டது. உடலில் அழற்சி (இன்ஃப்ளமேஷன்) இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சிஆர்பி, 6 என்று தடித்த எழுத்தில் வந்ததும் வீடே கலங்கிப்போகிறது. உடனே ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்), ஐஎல்-6 (அழற்சியைத் தூண்டும் புரதம்) என்று அடுத்தடுத்து செலவு. அதில் பலவும் தேவையே இல்லாதவை. தேவையான சில பரிசோதனைகள்தான் விட்டுப்போகின்றன.

ஜிஏடி65, ஐஏ-2, இசட்என்டி8, இன்சுலின் ஆன்டிபாடி ஆகியவை கணையத்தின் பீட்டா செல்களை நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்கியதற்கான தடயங்கள். வந்திருப்பது டைப் 1தானா என்று தெரிந்துகொள்ள இவை உதவும். உறுதியான பிறகு வருடாவருடம் எடுப்பதில் பயனில்லை. ஜிஏடி அளவு இறங்கிவிட்டதால் நோய் குறைகிறது என்று அர்த்தமும் இல்லை. ஊசி போடத் தொடங்கி ஓரிரு வாரம் ஆனாலே, வெளியிலிருந்து போகும் இன்சுலினுக்கு எதிராகவும் ஆன்டிபாடி உண்டாகலாம். அதனால் அதன்பின் வரும் ‘இன்சுலின் ஆன்டிபாடி பாசிட்டிவ்’ எதையும் நிரூபிக்காது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் பார்த்துவந்த பிள்ளை வளர்ந்து பெரியவர்களுக்கான மருத்துவமனைக்கு மாறும்போது, முதலில் எடுத்த ஆன்டிபாடி ரிப்போர்ட்டைக் கட்டாயம் ஃபைலில் வையுங்கள். அது இல்லாவிட்டால் அதே பரிசோதனைக்கு மறுபடி பணம் கட்ட நேரும்.

நாட்பட்ட அழற்சி வேறு விஷயம். சர்க்கரை நெடுநாள் உயர்ந்தே இருந்தால் ரத்தக்குழாய்களின் உட்சுவர் பாதிக்கப்படும். ஐஎல்-6 போன்றவை கூடுதலாகச் சுரக்க, அதன் தூண்டுதலால் கல்லீரல் சிஆர்பியை உற்பத்தி செய்யும். வயிற்றுப் பகுதிக் கொழுப்பும் ஐஎல்-6 சுரக்கும் என்பதால், எடை கூடிய டைப் 1 பிள்ளைகளிடம் சிஆர்பி இன்னும் ஏறும். இதய அபாயத்துக்காகப் பார்ப்பதானால் எச்எஸ்-சிஆர்பி (மிகச் சிறிய அளவையும் காட்டும் சிஆர்பி) என்று கேட்டு எடுக்க வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் அபாயம் குறைவு, 3க்கு மேல் கூடுதல் என்பது பெரியவர்களுக்கான கணக்கு. 10ஐத் தாண்டினால் தொற்று எங்கே என்று தேடி, அது தீர்ந்து 2 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழையும் காய்ச்சலுமாக இருக்கும் மாதங்களில் எடுத்த ஒற்றை சிஆர்பியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பல் பிடுங்கிய வாரமும் வேண்டாம். பிசிஓஎஸ்ஸுக்காக (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு, அந்த மாத்திரையே சிஆர்பியை ஏற்றும். ஐஎல்-6, அதைப் போன்ற இன்னொரு அழற்சிப் புரதமான டிஎன்எஃப் ஆகியவற்றின் அளவுகளை வைத்து டைப் 1 சிகிச்சையில் எதையும் மாற்றப்போவதில்லை, அவை ஆராய்ச்சிக்கானவை.

அதிகம் கவனிக்கப்படாத சிக்கல் இரும்புச்சத்தில் இருக்கிறது. இரும்பு குறைந்தால் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கூட்டினால் நள்ளிரவில் லோ ஆகும், அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும். ஆனால் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) தானாகவே உயர்வதால் “ஃபெரிட்டின் 40 இருக்கே, இரும்பு போதும்” என்று தோன்றிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, 5 வயதுக்கு மேல் ஆரோக்கியமாக இருப்பவருக்கு 15க்குக் கீழ் என்றால் குறைபாடு. தொற்றோ அழற்சியோ இருந்தால் அந்த எல்லை 70. எனவே ஃபெரிட்டினையும் சிஆர்பியையும் ஒரே ரத்தத்தில் எடுங்கள். எச்பிஏ1சி 9 என்று வந்து, குளுக்கோமீட்டர் எண்கள் அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் டோஸில் கைவைக்கும் முன் ஹீமோகுளோபினைப் பாருங்கள்.

அழற்சியைக் குறைக்க பொடியும் கேப்ஸ்யூலும் வாங்கும் முன் வாயைத் திறந்து பாருங்கள். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் ஈறில் அழற்சி இருக்கலாம். அதுவும் சிஆர்பியை உயர்த்தும், சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் கெடுக்கும். 6 மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். குளிக்கும்போது சோப்புக் கையால் வயிற்றையும் தொடையையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்காத, ரப்பர் போன்ற மேடு தட்டுப்பட்டால் அது ஒரே இடத்தில் ஊசி போட்டதால் சேர்ந்த கொழுப்பு. அங்கே போடும் இன்சுலின் ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. அந்த இடத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஊசியையும் முந்தையதிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, புது நீடிலில் போட வேண்டும். நல்ல இடத்துக்கு மாறியதும் இன்சுலின் முழுதாக ஏறி லோ ஆகலாம்; டோஸைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

எதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதல் கணையத்தோடு நிற்காமல் தைராய்டுக்கும் போகலாம்; ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை தைராய்டுக்கான டிஎஸ்எச் பரிசோதனை எடுங்கள். கோதுமையின் குளூட்டனால் குடலைத் தாக்கும் சீலியாக் நோய்க்கு, டைப் 1 கண்டறிந்தபோதும் அதன்பின் 2, 5 ஆண்டுகளிலும் டிடிஜி-ஐஜிஏ என்ற ஆன்டிபாடி பரிசோதனை எடுக்க வேண்டும். ரத்தத்தில் ஐஜிஏ வகை ஆன்டிபாடியின் மொத்த அளவும் பார்த்தால்தான் அந்த ரிசல்ட்டை நம்பலாம். “நாங்க அரிசிதான் சாப்பிடுறோம்” என்று விட்டுவிடாதீர்கள். ரவை, சேமியா, பரோட்டா மட்டுமல்ல, கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு இருப்பதுண்டு. பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம்.

ரத்தக்குழாய் பாதிப்பை நேரடியாகச் சொல்வது சிறுநீர் ஏசிஆர் (ஆல்புமின் புரதம் சிறுநீரில் எவ்வளவு கசிகிறது என்பதைக் கிரியாட்டினினோடு ஒப்பிட்டுக் காட்டும் பரிசோதனை). 11 வயதோ பருவமடைதலோ தாண்டி, நோய் வந்து 2 முதல் 5 ஆண்டுகள் ஆனவர்கள் இதையும் விழித்திரைப் பரிசோதனையையும் தொடங்க வேண்டும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் வேண்டும். காய்ச்சல், மாதவிடாய், முந்தைய நாள் கடும் விளையாட்டு இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமினைத் தாண்டினால் மறுபடி எடுக்க வேண்டும்; 6 மாதத்துக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் குறைந்தது இரண்டு அப்படி வந்தால்தான் சிறுநீரகப் பாதிப்பின் தொடக்கம் என்று உறுதிசெய்வார்கள்.